18 லட்சம் ரூபாயில் வீட்டு உபயோகப் பொருள் கடை: எந்த டீலர்ஷிப் எடுப்பது?

கேள்வி கேட்டவர் ஷார்ஜாவில் ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார். கையில் 18 லட்சம் இருக்கிறது. பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு சிறிய ஊரில், பஸ் ஸ்டாண்டை ஒட்டி 700 சதுர அடியில் கடை பார்த்து வைத்திருக்கிறார். ஏசி, டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் வைத்து நடத்த எந்தக் கம்பெனி டீலர்ஷிப் எடுத்தால் லாபம் என்று கேட்டிருக்கிறார். கேள்வி கம்பெனிப் பெயரைப் பற்றியது போல இருந்தாலும், அவர் மனதில் இருப்பது வேறு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தஞ்சாவூரில் பெரிய ஷோரூம்கள் வரிசையாக நிற்கின்றன, போனைத் திறந்தால் பாதி விலை விளம்பரம் வருகிறது. இதற்கு நடுவில் சம்பாதித்துக் கொண்டுவந்த பணம் முடங்காமல் ஒரு தனி ஆள் நிற்க முடியுமா? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் டெல்டாவில் ஒரு சிறிய ஊரில் 2003 முதல் இதே கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் ஐந்து வருடம் மிக்சி, கிரைண்டர் மெக்கானிக். அதனால் என் பார்வை மெக்கானிக் பார்வையாகத்தான் இருக்கும். சென்னை, கோவை மாதிரி ஊர்களில் கடை போடுகிறவர்களுக்கு நான் சொல்வதில் பாதி பொருந்தாது.

நிற்க முடியும். ஆனால் நீங்கள் சொன்ன நான்கு பொருளையும் முதல் நாளே அடுக்கினால் முடியாது. ஏன் என்று ஒரு ஃபிரிட்ஜை வைத்துச் சொல்கிறேன். சிங்கிள் டோர், உங்கள் கடையில் 17,500 ரூபாய்க்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டிஸ்ட்ரிபியூட்டர் பில்லில் உங்களுக்கு அது 16,600. வித்தியாசம் 900. இதில் உங்கள் பங்கு ஜிஎஸ்டி 137 ரூபாய் போய்விடும். வாங்குகிறவர் தவணையில் எடுத்தால் ஃபைனான்ஸ் கம்பெனி கடைக்காரரிடம் குறிப்பிட்ட சதவீதம் பிடிக்கும். 2 சதவீதம் என்றால் 350. குட்டியானை வண்டியில் ஏற்றி வீட்டில் இறக்க 250. மிச்சம் 163 ரூபாய். அந்த ஃபிரிட்ஜ் கடையில் நாற்பது நாள் நின்றிருந்தால் அந்த 163-ம் வட்டிக்குப் போயிற்று.

அப்படியானால் ஃபிரிட்ஜ் விற்கிறவர்கள் எல்லோரும் எதற்காக விற்கிறார்கள்? ஸ்கீமுக்காக. இந்த மாதம் இத்தனை பீஸ் எடுத்தால் இத்தனை சதவீதம் என்று கம்பெனி டார்கெட் வைக்கும். எட்டினால் அந்தத் தொகை பின்னால் கிரெடிட் நோட்டாக, அதாவது நம் கணக்கில் கழித்துக்கொள்ளும் சீட்டாக வரும். லாபம் அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. பத்துக் கடை வைத்திருப்பவர் டார்கெட்டைத் தாண்டிவிடுவார் என்று தெரியும். அதனால் வரப்போகும் கிரெடிட் நோட்டையும் இன்றைக்கே விலையில் குறைத்துக் கொடுப்பார். நம்மைப் போன்ற ஒற்றைக் கடைக்காரர் இருபத்தெட்டாம் தேதி ஆனால் டார்கெட்டுக்கு நான்கு பீஸ் குறைகிறதே என்று தேவையில்லாத நான்கை எடுத்துக் கோடவுனில் போடுவார். நானும் போட்டிருக்கிறேன். 2020 மார்ச்சில் கோடைக்கென்று பதினொரு ஏசி எடுத்து வைத்தேன். மாதக் கடைசியில் ஊரடங்கு வந்தது. ஷட்டர் மூடியிருக்க, டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கொடுத்த செக்குகள் மட்டும் தேதி தவறாமல் வங்கிக்கு வந்தன.

இந்த நட்டக் கணக்கெல்லாம் பெரிய சாமானோடு நிற்கிறது. மிக்சி, கிரைண்டர், காத்தாடி (ஃபேன்), கேஸ் அடுப்பு, குக்கர், இண்டக்‌ஷன் அடுப்பு, அயர்ன் பாக்ஸ், ஸ்டெபிலைசர் பக்கம் வாருங்கள். 3,500 ரூபாய் மிக்சியில் ஐந்நூறு நிற்கும். வாங்குகிறவர் பையில் போட்டுக் கையிலேயே எடுத்துப் போகிறார். கேஸ்கட், கப்ளர், பிளேடு, குக்கர் வெயிட் மாதிரி உதிரிகளில் முப்பது சதவீதத்துக்கு மேலேயே கிடைக்கும். என் அனுபவத்தில் சிறு சாமானும் உதிரியும் கலந்த கடைக்குச் சராசரியாக 12, 13 சதவீதம் கிடைக்கிறது. பெரிய சாமான் மட்டும் வைத்தால் எல்லாம் கழித்து 4 சதவீதம் நின்றால் பெரிய விஷயம். கடை வாடகை, ஒரு பையன் சம்பளம், கரண்ட், உங்கள் வீட்டுச் செலவு எல்லாம் சேர்த்து மாதம் 60,000 வேண்டும் என்றால், 13 சதவீதத்தில் நான்கரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் விற்றால் போதும். 4 சதவீதத்தில் அதே 60,000-க்குப் 15 லட்சம் விற்க வேண்டும். சின்ன ஊரில் முதல் வருடக் கடை மாதம் 15 லட்சம் விற்றதை நான் பார்த்ததில்லை.

உங்கள் 18 லட்சத்தை நானாக இருந்தால் இப்படிப் பிரிப்பேன். வாடகை 15,000 என்று சொல்லியிருக்கிறீர்கள்; பத்து மாத அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். ரேக், போர்டு, ஒயரிங், கவுண்டருக்கு இரண்டரை. பில் போடும் கம்ப்யூட்டர், தட்டுமுட்டுக்கு அரை லட்சம். ஆறு மாத வாடகை, சம்பளத்துக்கென்று மூன்று லட்சம் தனியாக. சரக்குக்கு எட்டு லட்சம், அதற்கு மேல் ஒரு ரூபாய் கூடாது. மீதி இரண்டரை லட்சத்தை வீட்டார் பெயரில் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். எட்டு லட்சச் சரக்கு இரண்டு மாதத்துக்குள் ஒருமுறை சுற்றி வந்தால் மேலே சொன்ன விற்பனை வந்துவிடும். சுற்றாத சரக்கு எது என்று மாதம் ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள். தொண்ணூறு நாள் தாண்டிய பீஸ்களை வாங்கின விலைக்கே தள்ளிவிடுங்கள், வருத்தப்படாதீர்கள். கூடுதலாக வேண்டுமென்றால் முத்ரா கடன் இருக்கிறது. 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண், அதை ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களுக்கு 20 லட்சம் வரை தருண் பிளஸ். ஆனால் முதல் வருடம் கடன் வாங்கிச் சரக்கு போடுவதை நான் சொல்ல மாட்டேன்.

ஃபிரிட்ஜே வைக்காமல் கடையா என்று கேட்பீர்கள். வையுங்கள், இரண்டே இரண்டு பீஸ். நம் பக்கம் பூப்போட்ட டிசைன், சிவப்பு அல்லது நீலம். சீருக்கு அதைத்தான் கேட்பார்கள். மற்ற மாடல்களுக்குத் தஞ்சாவூரிலோ பட்டுக்கோட்டையிலோ ஒரு பெரிய டீலரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடையில் ஆர்டர் எடுத்து, அவர் கோடவுனிலிருந்து நேராக வாடிக்கையாளர் வீட்டுக்கு இறக்கலாம். ஒரு பீஸுக்கு 300, 400தான் கிடைக்கும். ஆனால் பணம் முடங்காது, டார்கெட் கிடையாது, அடிபட்டு நெளிந்த பீஸ் உங்கள் தலையில் விழாது. பெரிய கம்பெனிகளின் நேரடி டீலர்ஷிப்புக்கு முதலில் போடச் சொல்லும் சரக்கும் டெபாசிட்டும் ஊருக்கு ஊர், ஏரியா மேனேஜருக்கு மேனேஜர் மாறுகிறது. அதனால் ஒரு தொகையைச் சொல்லி உங்களைத் திசை திருப்ப விரும்பவில்லை.

டீலர்ஷிப் என்று ஒன்று எடுத்தால் மிக்சி, கிரைண்டரில் எடுங்கள். கோவை நமக்குப் பக்கம்தான். வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கிய ஊர் அது. நேரில் போய்ப் பேசி எடுக்கலாம். கம்பெனியைத் தேர்ந்தெடுக்க நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு. அந்தக் கம்பெனி டோல் ஃப்ரீ நம்பருக்கு வாடிக்கையாளர் மாதிரி போன் செய்து, உங்கள் ஊர் பின்கோடைச் சொல்லுங்கள். தெரிந்தவர் வீட்டில் அந்த பிராண்டில் பழுதான சாமான் ஏதாவது இருந்தால் அதற்கு ஒரு கம்ப்ளெயிண்ட் போடுங்கள். மெக்கானிக் எத்தனை நாளில் வருகிறார், வந்தவர் உதிரி கையோடு கொண்டுவந்தாரா, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றாரா என்று கவனியுங்கள். சேல்ஸ் ஆபீசர் காட்டும் ஸ்கீம் அட்டையைவிட இந்தச் சோதனைதான் உங்களுக்கு உதவும். ஏனென்றால் சாமான் நின்றுபோனால் ஜனங்கள் கம்பெனிக்குப் போக மாட்டார்கள். உங்கள் கடை வாசலுக்குத்தான் வருவார்கள்.

ஒருநாள் மதியம் ஒரு அம்மா மிக்சியைத் துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்தார். வேறு ஊரில் வாங்கியது. தேங்காய் அரைக்கும்போது நின்றுவிட்டதாம், மகள் வளைகாப்பு நாளைக்காம், புது மிக்சி எவ்வளவு என்று கேட்டார். நான் மிக்சியைக் கவிழ்த்தேன். அடியில் சிவப்பாக ஒரு சின்ன பட்டன் இருக்கும், ஓவர்லோடு பட்டன். மோட்டார் திணறினால் அது வெளியே தள்ளிக்கொண்டு கரண்டைத் துண்டித்துவிடும். அழுத்தினேன், பிளக்கில் சொருகினேன், ஓடியது. ஜார் அடியில் கப்ளர் பல் தேய்ந்திருந்தது, அதை மட்டும் மாற்றி நாற்பது ரூபாய் வாங்கினேன். அடுத்த தை மாதம் அதே அம்மா இளைய மகள் கல்யாணச் சீருக்கு ஃபிரிட்ஜ், கிரைண்டர் என்று பீரோ தவிர எல்லாமே என் கடையில் எடுத்தார். விலை கூடக் கேட்டுப் பேரம் பேசவில்லை என்று சொன்னால் பொய். பேசினார், நன்றாகவே பேசினார். ஆனால் தஞ்சாவூருக்குப் போகவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், கடையின் பின்பக்கம் பத்துக்கு எட்டில் ஒரு சர்வீஸ் டேபிள் போடுங்கள். வேலை தெரிந்த ஒரு பையனை வையுங்கள், அல்லது நீங்களே மூன்று மாதம் எங்காவது கற்றுக்கொள்ளுங்கள். காத்தாடி மெதுவாகச் சுற்றுகிறது என்றால் பத்தில் ஏழு கேஸ் 2.5 எம்எஃப்டி கெப்பாசிட்டர்தான். 2011 செப்டம்பரில் அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியபோது எங்கள் தொழில் முடிந்தது என்று எல்லோரும் புலம்பினோம். மிக்சி விற்பனை விழுந்தது உண்மைதான். ஆனால் இரண்டு வருடம் கழித்து அத்தனை வீட்டிலிருந்தும் ஜாரும் பிளேடும் பழுதாகிக் கடைக்கு வந்தன. சர்வீஸ் டேபிள் இருந்த கடைகள் அந்தக் காலத்தைத் தாண்டின.

தவணை இல்லாமல் இந்தத் தொழில் இல்லை. தமிழ்நாட்டில் இது இன்று நேற்று வந்த பழக்கமும் இல்லை. விஜிபி தவணையில் விற்றுத்தான் வீடுகளுக்குள் நுழைந்தது. அங்கே விற்பனையாளராக இருந்த வசந்தகுமார்தான் 1978-ல் வசந்த் அண்ட் கோ தொடங்கினார். அன்று கடைக்காரரே தவணை கொடுத்தார், இன்று ஃபைனான்ஸ் கம்பெனி கொடுக்கிறது. உங்கள் கடையில் அந்த வசதி இருந்தாக வேண்டும். ‘பூஜ்ய வட்டி’ என்ற வார்த்தையை மட்டும் நம்பாதீர்கள். அப்படி ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013-ல் வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அந்த வட்டியை யாரோ ஒருவர் கட்டுகிறார். கம்பெனி பங்கு எவ்வளவு, கடைக்காரர் பங்கு எவ்வளவு என்று ஒவ்வொரு மாடலுக்கும் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் விலை சொல்லுங்கள். கைக்கடன் நோட்டு வேறு விஷயம். ‘அறுப்பு முடிஞ்சதும் தரேன்’ என்று டெல்டாவில் சொல்வது பொய்யில்லை. கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டுப் பணம் வந்தால் நிஜமாகவே தருவார்கள். மழையில் சம்பா சாய்ந்த வருடம் அவர்களாலும் முடியாது. என் பழைய நோட்டில் மூன்று லட்சத்துக்கு மேல் இன்னும் நிற்கிறது. அதில் பாதிப் பேர் நல்லவர்கள், எதிரில் பார்த்தால் தெரு மாறிப் போவார்கள். கடன் கொடுத்ததால் பணமும் போயிற்று, வாடிக்கையாளரும் போயிற்று. மிக்சி வரை கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

வரி விஷயத்தில் உறுதியாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். சரக்கு மட்டும் விற்கிறவர்களுக்கு வருட விற்பனை 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. ஆனால் ரிப்பேர் கூலியும் வாங்கினால் அந்த வரம்பு 20 லட்சம். எப்படியும் ஜிஎஸ்டி எண் இல்லாமல் டீலர்ஷிப் கிடைக்காது. எடுத்துவிடுங்கள். வருடம் ஒன்றரைக் கோடி வரை விற்பவர்கள் காம்போசிஷன் என்ற எளிய வரி முறையில் போய் விற்பனையில் 1 சதவீதம் கட்டலாம். இது எல்லோருக்கும் லாபம் என்று நினைக்கிறார்கள், இல்லை. அந்த ஃபிரிட்ஜையே பாருங்கள். சாதாரண முறையில் 137 கட்டினோம், காம்போசிஷனில் 175 கட்ட வேண்டும். மிக்சியில் தலைகீழ். 2,950-க்கு வாங்கி 3,500-க்கு விற்றால் சாதாரண முறையில் 84, காம்போசிஷனில் 35. சிறு சாமான் கடைக்கு அது ஒத்துவரும். ஆனால் அதில் வரி பில் போட முடியாது; ஹோட்டல், பள்ளிக்கூடம், லாட்ஜ் என்று அதைக் கேட்கிற வாடிக்கையாளர் கையை விட்டுப் போவார். வெளி மாநிலத்துக்கும் விற்க முடியாது. எது சரி என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள். நான் சாதாரண முறையில்தான் இருக்கிறேன், காரணம் எங்கள் ஊரில் மூன்று கல்யாண மண்டபம்.

பழைய சரக்கு இரண்டு வழியில் சாகும். ஒன்று, வரி மாறுவது. 2025 செப்டம்பர் 22 முதல் ஏசியும் 32 இஞ்சுக்கு மேல் உள்ள டிவியும் 28 சதவீதத்திலிருந்து 18-க்கு இறங்கின. ஆகஸ்ட் 15-ல் வரி குறையப்போகிறது என்று அறிவிப்பு வந்ததிலிருந்தே ஒருவரும் டிவி பக்கம் திரும்பவில்லை. இரண்டாவது, நட்சத்திர முத்திரை. மின்சாரச் சிக்கனத்துக்கான அந்த அளவுகோலை அவ்வப்போது இறுக்குவார்கள். 2022 ஜூலையில் ஏசிக்கு அப்படி இறுக்கியபோது ஐந்து நட்சத்திரம் நான்காகியது. கோடவுனில் நிற்கும் பழைய முத்திரை பீஸை யார் முழு விலைக்கு வாங்குவார்? 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கும் முத்திரை கட்டாயம். இதில் ஒரு நல்லதும் நடந்தது. 75 வாட் இழுக்கும் பழைய காத்தாடிக்குப் பதில் முப்பது வாட் சுமாரில் ஓடும் பிஎல்டிசி காத்தாடியைச் சொல்லி விற்க முடிகிறது. அதில் மார்ஜினும் பரவாயில்லை. ரிமோட் தொலைந்தால் மட்டும் உங்களிடம்தான் வருவார்கள், உதிரி ரிமோட் நான்கு வாங்கி வையுங்கள்.

ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத குக்கர், கேஸ் அடுப்பு, அயர்ன் பாக்ஸ், வாட்டர் ஹீட்டர் ராடு யாராவது பாதி விலைக்குக் கொண்டுவந்து இறக்குகிறேன் என்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். விற்கிற கடைக்காரருக்கும் சட்டத்தில் தண்டனை உண்டு, அபராதமே 2 லட்சத்திலிருந்து தொடங்குகிறது. முத்திரைக்குப் பக்கத்தில் இருக்கும் உரிம எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் உண்மையா போலியா என்று தெரிந்துவிடும். ராடு விஷயத்தில் நான் சட்டத்துக்காகப் பயப்படவில்லை. ஈரக் கையோடு வாளியைத் தொட்டுவிடுவார்களே என்றுதான் பயம்.

இடத்தைப் பற்றி. பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கடை கூட்டமாகத் தெரியும், ஆனால் அந்தக் கூட்டம் பஸ் பிடிக்கப் போகிற கூட்டம். பாத்திரக்கடைக்கு அருகில் இடம் கிடைக்குமா என்று பாருங்கள். சீர் எடுக்க வருகிறவர்கள் குடும்பத்தோடு அங்கே இரண்டு மணி நேரம் உட்காருவார்கள், எழுந்தால் அடுத்த கடை உங்களுடையது. வாசலில் குட்டியானை ஐந்து நிமிடம் நிற்க இடம் வேண்டும், படி மூன்றுக்கு மேல் கூடாது. இதில் நான் சொல்வது எங்கள் ஊர் அனுபவம். உங்கள் பஜார் வேறு மாதிரி இருக்கலாம், முகூர்த்த நாளுக்கு முந்தைய வாரம் ஒருநாள் அங்கே டீக்கடையில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

ஆன்லைனைப் பற்றிப் பயப்படுகிறீர்கள். டிவியிலும் மொபைலிலும் அந்தப் பயம் நியாயம்தான், அதனால்தான் டிவி வைக்கச் சொல்லவில்லை. கிரைண்டரை ஜனங்கள் ஓடவிட்டுச் சத்தம் கேட்டு, கல்லைக் கையால் தடவிப் பார்த்துத்தான் இன்னும் வாங்குகிறார்கள். இது பத்து வருடம் கழித்தும் இப்படியே இருக்குமா என்றால், தெரியாத விஷயத்தில் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

கடைசியாக, எப்போது திறப்பது என்று கேட்டிருந்தீர்கள். கோடையில் திறந்தால் எல்லோரும் ஏசி கேட்பார்கள், நீங்களும் ஆசைப்பட்டு எடுத்துவிடுவீர்கள். ஆவணியில் திறங்கள். ஆவணி முகூர்த்தம், குறுவைப் பணம், தீபாவளி, அப்புறம் தை மாசிக் கல்யாணமும் சம்பா அறுவடையும் வரிசையாக வரும். கார்த்திகை மழையில் விற்பனை படுக்கும், புயல் வந்தால் இன்னும் மோசம். 2018-ல் கஜா அடித்த பிறகு எங்கள் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, கேஸ் அடுப்பும் சார்ஜ் லைட்டும் தவிர எதுவும் நகரவில்லை. தனியாக எடுத்து வைக்கச் சொன்ன மூன்று லட்சம் அந்த மாதிரி மாதத்துக்குத்தான். மாசி முடியும்போது ஆறு, ஏழு மாதக் கணக்கு உங்கள் கையில் இருக்கும். பங்குனியில் ஏசி எடுக்கலாமா என்று அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு மறுபடி கேளுங்கள், அப்போது என் பதில் வேறாகவும் இருக்கலாம்.